அம்மனிடம் இரவல் வாங்கிய தகடு

நின்ற இடத்திலேயே நடுங்கும் எந்திரத்தைக் காது அறிவதற்கு முன் உள்ளங்கால் அறிந்துவிடும். சென்ற மாதம் ஒரு காலையில், கண்டிக் குளத்துக்கு எதிரே எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த பழைய மோட்டார் கார் ஒன்றைக் கடந்து போகையில், செருப்புக்குக் கீழே தரை குறுகுறுத்தது. கார் நகரவில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, விளக்குகளும் சக்கர மூடிகளும் குளிர்காய்ச்சல்காரனின் பற்களைப்போல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன. டாக்டர் வீட்டுக் காரை ஓட்டுகிற ரஹீம் நானா முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை உள்ளே விட்டபடி, "மூணு நாளாப் பாக்கிறன் டீச்சர், ஒண்டும் வெளங்குதில்ல" என்றார். மோட்டார் காரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அந்தக் குறுகுறுப்பு எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் ஒரு வாரம் முழுக்க அதை உள்ளங்காலில் சுமந்தவள் நான். அந்த வாரத்தில் நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இன்று ஹேவாஹெட்டப் பக்கம் போகிறவர்களுக்கு மலை முழுக்கத் தேயிலைதான் கண்ணில் படும். நான் பிறந்தபோது அங்கே தேயிலை என்ற பேச்சே இல்லை. காப்பி, காப்பி, எங்கு திரும்பினாலும் காப்பி. பூத்தால் மலைக்கே மல்லிகை வாசம் வரும், பழுத்தால் கிளைகள் சிவந்து தொங்கும். ஆனால் காப்பிப் பழம் காத்திருக்காது. இன்று பறித்ததை இன்றே தோலுரித்துத் தொட்டியில் போட்டாக வேண்டும். குவித்து வைத்தால் மறுநாளே குவியல் சூடேறும், இனிப்பாகத் தொடங்கும் வாசனை புளித்துக் கள்ளுக்கடை நாற்றமாகும், கொட்டை கறுத்து ஒன்றுக்கும் உதவாமல் போகும். அதனால் எங்கள் தோட்டத்தில் பழம் உரிக்கிற மிஷின்தான் எல்லாருக்கும் சோறு போட்டது. மற்றத் தோட்டங்களில் அதை ஆற்றுத் தண்ணீர் சுற்றியது. எங்கள் ஓடை கோடையில் பூனைகூடத் தாண்டிவிடும் ஓடை என்பதால் எங்கள் துரை ஒரு நீராவி எஞ்சினை வாங்கிப் போட்டிருந்தார்.

அந்த எஞ்சினை ஓட்டியவர் என் அப்பா. ரயில் பாதை போட்ட காலத்தில் கண்டிக்கு வந்து, விறகு தூக்கி, கரி அள்ளி, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டவர். எழுத்து ஒன்றும் தெரியாது. எஞ்சினோ அவருக்கும் மூத்தது. கொழும்பில் ஏதோ ஆலையில் உழைத்துக் களைத்ததை மலிவாக வாங்கி, கண்டி ரயிலடியில் இறக்கி, தெல்தோட்டை வழியாக யானை கட்டி இழுத்து வந்து, ஒரு வெள்ளைக்காரப் பொறிவல்லுநர் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்பா வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அவர் அதைக் "கெழவி" என்றுதான் கூப்பிடுவார். "கெழவி இன்னிக்கு வெறகு கூடக் கேக்குறா", "கெழவிக்கு எண்ணெ வைக்கணும்" என்று அவர் சொல்லும்போது, அவருக்கு ரெண்டு பெண்டாட்டி என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் அம்மாவைக் கேலி செய்வார்கள். அம்மாவும் சிரித்துக்கொள்வாள்.

அம்மா சிரித்தது குறைவுதான். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலைக்கு வந்தபோது அவளுடைய மூத்த பிள்ளை, நான் பார்த்தே இராத என் அண்ணன், பேதியில் போய்விட்டான். வழியில் ஒரு பாலை மரத்தடியில் புதைத்துவிட்டு நடந்தார்களாம். அதற்குப் பிறகு "ரோட்டுக்குப் போறது" என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. லயத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒற்றைக் "காம்பரா"வை, அதன் ஒழுகும் கூரையோடும் புகையோடும், இனி ஒருக்காலும் விட்டுவிடக்கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லும் அந்த ஐப்பசியில் அவளுக்கு ஏழு மாதம்.

காப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடி தூவினாற்போல் நோய் தொற்றி, மரங்கள் மொட்டையாகத் தொடங்கியிருந்த காலம் அது. பழம் குறைந்திருந்தது, இருப்பதும் வீணானால் துரைக்குப் பொறுக்காது என்று எல்லாருக்கும் தெரியும். பறிப்புத் தொடங்குவதற்கு முன் ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அந்த ஒரு நாள் கத்தி, மண்வெட்டி, கூடை, முறம் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து, எஞ்சினும் மிஷினும் இருந்த ஸ்டோருக்குப் பக்கத்தில் மரத்தடியில் இருந்த மாரியம்மன் கல்லுக்கு முன்னால் வைப்பார்கள். பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை யாரும் கையால் தொடக்கூடாது. அப்பா தம் பங்குக்குக் கெழவியின் நான்கு கால்களையும் பலகையோடு இறுக்கிப் பிடித்திருந்த நட்டுகளைத் தளர்த்தி, துருவைத் துடைத்து, எண்ணெய் பூசினார். அதற்குள் பூசைக்கு நேரமாகிவிட்டது. மற்ற ஆயுதங்களோடு அவருடைய "ஸ்பேனர்"களும் அம்மனுக்கு முன்னால் போய்விட்டன. நட்டுகளை மறுநாள்தான் முறுக்க முடியும், போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று மாலை பெண்கள் எஞ்சின் அறையைக் கழுவிக் கோலம் போட்டார்கள். நானும் உதவிக்குப் போனேன். கெழவியின் ஓடைப்பக்கத்துக் காலுக்கு அடியிலிருந்து, கறுத்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு தகட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நினைத்து இழுத்தேன், வந்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தபோது உள்ளே பித்தளை பளபளத்தது. இரண்டு உள்ளங்கை அகலம், இரண்டு செப்புக்காசைச் சேர்த்து வைத்த கனம், ஒரு பக்கம் வாய்போலப் பிளந்த பள்ளம். ஓட்டுச் சில்லில் சூடம் கொளுத்திக்கொண்டிருந்த எங்கள் அம்மனுக்கு இதைவிட நல்ல தட்டு எங்கே கிடைக்கும்! எங்கே எடுத்தாய் என்று கேட்டவர்களிடம் "ஸ்டோருப் பக்கத்துல கெடந்துச்சு" என்றேன். எல்லாரும் என்னை மெச்சினார்கள். அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "சாமிக்கு வச்சது சாமிக்குத்தான், இனிமே யாரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லி, அந்தத் தட்டில் முதல் சூடத்தை அவளே கொளுத்தினாள்.

மறுநாள் அப்பா நட்டுகளை முறுக்கினார். ஓடைப்பக்கத்து நட்டு மட்டும் ஒன்றரைச் சுற்று கூடப் போயிற்றாம். எண்ணெய் போட்டதன் பலன் என்று அதற்கும் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை முதல் பறிப்பு. கூடை கூடையாகப் பழம் வந்து இறங்க, அப்பா நெருப்பை ஏற்றி ஆவியைத் திறந்தார். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் ஸ்டோர் முழுக்க நடுங்கியது. சுவரில் மாட்டியிருந்த சல்லடைகள் கலகலத்தன, பலகைத் தரையில் நின்ற என் கால் மரத்துப்போயிற்று. முன்னால் இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. ஒரு நாழிகைக்குள் சக்கர அச்சு கைவைக்க முடியாதபடி சூடேறிப் புகைந்தது. அப்பா ஆவியை மூடினார்.

அன்றிலிருந்து அவர் சோறு தின்றதை நான் பார்க்கவில்லை. முதலில் மிஷினுக்குப் போகும் வாரைக் கழற்றிவிட்டு எஞ்சினை வெறுமனே ஓட்டினார்; அப்போதும் ஆடியது. "அப்ப மிஷினு மேல குத்தமில்ல, நம்ம கெழவிதான்" என்றார். பிறகு காதைக் கொடுத்து அதன் மூச்சைக் கேட்டார். உள்ளே ஆவி விடும் அடைப்பு தவறியிருந்தால் ஒரு மூச்சுப் பெரிதும் ஒரு மூச்சுச் சிறிதுமாக நொண்டும்; இதுவோ கணக்காக வந்தது. ஆனாலும் மனம் கேட்காமல் செவ்வாய்க்கிழமை முழுதும் அதைப் பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டினார். பெரிய சக்கரத்தின் ஆப்பைத் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. "மூச்சு சரியாத்தான் இருக்கு, ஒடம்புதான் ஒதறுது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கெழவி பழத்தையும் நசுக்கிவிட்டு ஆடிக்கொண்டே இருந்தாள். வெளியே குவியல் சூடேறி, ஸ்டோரைச் சுற்றிப் புளித்த வாடை எழுந்தது. திங்கட்கிழமைப் பழத்தை ஓடையில் கொட்டினார்கள்.

புதன்கிழமை காலைப் "பெரட்டி"ல், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் எல்லாருக்கும் முன்னால், துரையின் சொல்லை, அவருக்குக் கீழே வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா சொன்னார். சனிக்கிழமை பொழுது சாயுமுன் எஞ்சின் ஒழுங்காக ஓட வேண்டும். இல்லையென்றால் புசல்லாவையிலிருந்து வேறு ஆள் வருவான், அப்பா காம்பராவைக் காலி செய்ய வேண்டும். அப்பா தலையைக் குனிந்து நின்றார். அம்மா வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இந்த வயித்தோட என்ன ரோட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. இன்னொண்ண மரத்தடியில வச்சிட்டு நடக்க எனக்குத் தெம்பில்ல" என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அன்று பகலில் அப்பா எங்கள் வீட்டுக் கும்பாக்கள் நான்கைக் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் நிரப்பிக் கெழவியின் நான்கு காலுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாக ஓட்டினார். மூன்று கும்பாவில் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி நடுங்கியது. ஓடைப்பக்கத்துக் கும்பாவில் மட்டும் துள்ளி வெளியே தெறித்தது. வியாழக்கிழமை ஆவியை அடக்கி, அந்தக் காலின் நட்டைத் தளர்த்தினார். தளர்த்தியதும் கால் தானாக மேலே எழும்பி நின்றது. அடியில் இடைவெளி. எல்லா இடமும் துருவும் பிசுக்குமாக இருக்க, நாமம் போட்டதுபோல் ஓர் இடம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. அப்பாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பொருத்திய வெள்ளைக்காரர் உயரம் போதாத அந்தக் காலுக்கு அடியில் ஒரு தகடு கொடுத்திருக்கிறார், அது போய்விட்டது, அது தெரியாமல் நட்டை முறுக்கியதில் எஞ்சினின் உடம்பே முறுக்கிக்கொண்டது. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிஸ்கட் தகரத்தை மடித்து வைத்துப் பார்த்தார்; அரை நாழிகையில் நசுங்கிப் போயிற்று. பலா மரச் சில்லு செதுக்கி வைத்தார், அதுவும் நைந்தது. கண்டிக் கொல்லனிடம் ஆள் அனுப்பினால் போய்வர ஞாயிறு ஆகிவிடும். அதனால் அந்தச் சுத்தமான இடத்தை அளந்து, பலகையில் கரியால் அதே அளவுக்குப் படம் கீறி, மாலையில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த மாதிரித் தகடு யாராச்சும் பாத்தீங்களா? சாமி சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். கண்டாக்கு ஐயாவோ, "எடுத்தவன் கையில கெடச்சான்னா தோல உரிச்சுப்புடுவேன்" என்றார். ஐந்து நாள் சூடப்புகையில் கறுத்து, திருநீற்றிலும் பூவிலும் மூடிக் கிடந்த தட்டு யார் நினைவுக்கும் வரவில்லை. நான் மட்டும், கரிக்கோட்டில் அந்தப் பிளந்த வாயைக் கண்டதும், அது எது என்று அறிந்துகொண்டேன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதென்று சொல்வார்கள். அன்று மாலை என் அம்மா, அந்தத் தகட்டின் மேலேயே சூடத்தை ஏற்றிவைத்து, "அது எங்க இருந்தாலும் என் கண்ணுல காட்டு தாயே" என்று கைகூப்பி நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்லியிருக்கலாம். தோலை உரிப்பார்களே என்று ஒரு பயம். சாமிக்கு வைத்ததை எடுத்தால் அம்மன் கண்ணைக் குத்துவாளே என்று ஒரு பயம். என்னை மெச்சிய அத்தனை வாயும் இனி என்ன சொல்லும் என்று இன்னொரு பயம். கடைசி பயம்தான் பெரிதாக இருந்தது என்று இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 

வெள்ளிக்கிழமை, பழத்தைத் தொட்டியில் ஊறவைத்துக் காலால் மிதித்தாவது தோலைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஐப்பசித் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். பெண்கள் தயங்கி நின்றார்கள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்க வீட்டுக்காரரு மிஷினு நின்னுதானே இந்தக் கொடும? நான் எறங்குறேன்" என்றாள். வேண்டாம் என்று தடுத்தவர்களை விலக்கிவிட்டு இறங்கினாள். அப்பாவின் மானத்தைக் காக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை இடுப்பளவு தண்ணீரில், தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். உதடு நீலம் பூத்துவிட்டது. நான் தொட்டியின் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் கல் அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவளை அந்த நிமிடமே மேலே ஏற்றியிருக்கலாம். 

சனிக்கிழமை விடிகையில் அப்பா எங்கள் பானை சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா சுருண்டு படுத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. ஓடினேன்; தகட்டை எடுத்து வந்து அப்பாவின் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே எடுத்தேன், எப்படி எடுத்தேன் என்று எல்லாம் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. "இதுதான்னு எப்பத் தெரியும் ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இப்பத்தாம்பா" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மன் கல்லுக்கு முன்னால் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, இரவலாத்தான் கேக்குறேன். வேல முடிஞ்சதும் ஒன் பொருள ஒன்கிட்டயே குடுத்துடுறேன்" என்றார். சத்தம் கேட்டு அம்மா தட்டுத்தடுமாறி எழுந்து வந்து, "வேணாங்க, குடுத்தத திருப்பி எடுக்காதீங்க, கொலம் வெளங்காது" என்று அவர் கையைப் பிடித்தாள். அப்பா கையை விடுவித்துக்கொண்டு போனார்.

உச்சிப்பொழுதில் கெழவி ஓடினாள். தகடு காலுக்கடியில் பொருந்தி உட்கார்ந்தது. கும்பாத் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. துரை வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். பழம் மளமளவென்று உரிந்து விழ, ஆட்கள் கூவிச் சிரித்தார்கள். எஞ்சின் விட்ட சீரான மூச்சைக் கேட்டுக்கொண்டு அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். அப்போதுதான் லயத்திலிருந்து பக்கத்துக் காம்பரா காத்தாயி அத்தை ஓடிவந்தாள். வாயில் சேலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி. மூச்சில்லாமல் பிறந்தான். பாலை மரத்தடிக்குப் பதிலாகக் காப்பி மரத்தடி. காம்பரா எங்களுக்கே இருந்தது.

அம்மா அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தாள். "அவ பொருள நாம எடுத்தோம், நம்ம பொருள அவ எடுத்துக்கிட்டா" என்று அவள் சொல்லாத ஆயுத பூசை இல்லை. அப்பாவைத்தான் பார்த்துச் சொல்வாள். அவர் குனிந்து தம் ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார். காப்பி முற்றாகச் செத்து, தோட்டம் கைமாறி, கெழவியைப் பழைய இரும்புக்கு விற்றபோது அவர் அந்தத் தகட்டை எடுத்துத் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். அவள் தொடவில்லை. அம்மன் கல்லும் அதற்குள் ஸ்டோரைப் பெரிதாக்கக் கொட்டிய மண்ணில் புதைந்து போயிருந்தது. கண்டிக்கு இறங்கிவந்தோம், மிஷன் பள்ளியில் நான் படித்தேன், பிறகு அங்கேயே கற்பித்தேன். தகடு என் அலுமாரியில் இருக்கிறது. ஏழு மாதத்துப் பிள்ளை எதனால் தவறுகிறது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதென்று எங்கள் டாக்டர் ஒருமுறை சொன்னார். நான் அந்தத் தொட்டியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

அன்று காலை ரஹீம் நானாவிடம், "எஞ்சினைப் பார்த்தது போதும், அது உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பாருங்கள்" என்றேன். அரைமனதாகப் படுத்துக் கீழே ஊர்ந்து பார்த்தவர், எஞ்சினைத் தாங்கும் ஒரு மூலையில் நட்டுக்கு அடியிலிருந்த தோல் வட்டம் நைந்து உதிர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பழைய செருப்புத் தோலை வெட்டி வைத்து முறுக்கியதும் கார் அடங்கிவிட்டது. "இது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் டீச்சர்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

காப்பி இல்லை, கெழவி இல்லை, அந்தத் தொட்டியை மூடித் தேயிலை உலர்த்துகிறார்கள். அம்மா இல்லை. அம்மாவின் பழியை என்மேல் விழாமல் கடைசிவரை தாமே வாங்கிக்கொண்டு இருந்த அப்பாவும் இல்லை. அவர் கேட்ட ஒரே கேள்விக்கு நான் சொன்ன பதில் மட்டும் அப்படியே இருக்கிறது. அதையாவது மாற்றி எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமையே தெரியும், அப்பா. அம்மா தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே தெரியும்.